இடது பக்கம் வேலை செய்யாது

அனகாபுத்தூர்
8.1.2006

மச்சானுக்கு, பரிதா எழுதுவது. ஸலாம்.

நானும் உங்கள் மகள் ரூக்சாரும் சுகம். நீங்கள் கத்தாருக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகப்போகிறது. வெள்ளிக்கிழமை ஆனால் போன் வருகிறது. "நல்லாருக்கியா, லைன் சரியில்ல, வச்சிடறேன்" என்று நீங்களே பேசி நீங்களே வைத்துவிடுகிறீர்கள். போன வாரம் ரூக்சார் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு ஸ்கூலில் சொல்லிக்கொடுத்த பாட்டை முழுசாகப் பாடி முடித்தாள். பாதியிலேயே நீங்கள் வைத்துவிட்டது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எங்களோடு பேசத்தான் உங்களுக்குப் பொறுமை இல்லை, படிக்கவாவது செய்வீர்கள்.

விஷயம் உங்கள் பாட்டு செட். விற்றுவிடு என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் தூசி தட்டினால்கூடப் பின்னாலேயே வந்து நின்று பார்க்கிற மனுஷன், ஏன் விற்கவேண்டும் என்று கேட்டதற்கு "லெஃப்ட் சைடு அவுட்டு, இனிமே அது வேஸ்ட்டு" என்று முடித்துவிட்டீர்கள். சரி.

பம்மல் மெயின் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் துளசிங்கத்திடம் போனேன். பழைய சாமான்களை ஏலம் போடுவதற்கென்றே இப்போது வெப்சைட் இருக்கிறதாம். படத்தோடு போட்டால் எந்த ஊரில் இருக்கிறவரும் விலை கேட்கலாமாம். என் பெயரில் அவனே பதிவு செய்து டைப் அடித்தும் கொடுத்தான். மறுநாள் போய், என்ன எழுதியிருக்கிறாய் என்று வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். "புத்தம் புது கண்டிஷன். ஆயிரம் வாட்ஸ். ஒரே ஓனர், டாக்டர்." நீங்கள் எப்போது டாக்டர் ஆனீர்கள்? போட்டிருந்த படமும் நம் செட் இல்லை. எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறான்.

"இன்னா தம்பி இது, எங்க வீட்டு செட்டே இல்லியே?" என்றேன்.

"அக்கா, அல்லாரும் இப்பிடித்தான் போடறாங்கோ. ஆயிரம் வாட்ஸ்னு போட்டாத்தான் ஒருத்தன் எட்டிப் பாப்பான். உள்ளத உள்ளபடி போட்டுக்கினு குந்தியிருந்தா எவன் வருவான்?"

"வாங்குனவன் வீட்டு வாசல்ல வந்து நின்னு திட்டுனா நீயா வந்து வாங்கிக்குவே? எடு மொதல்ல."

முணுமுணுத்துக்கொண்டே எடுத்துவிட்டான். அது உண்மையில் எத்தனை வாட்ஸ், எங்கே வாங்கியது, என்னென்ன பழுது என்று எழுதி அனுப்புங்கள். என் பெயரில் ஒரு வார்த்தைகூடப் பொய்யாகப் போகக் கூடாது.

வேறு ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றையும் ஏர்போர்ட் போகும்போது காரிலேயே கேட்டுவிட்டேன். நீங்கள் பதில் சொல்லவில்லை. இனிக் கேட்கமாட்டேன்.

பரிதா


தோஹா
19.1.2006

என் பரிதாவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்தபோது எனக்குப் பகல் ஷிப்ட். ஜெனரேட்டர் ரூமுக்கு வெளியே, நிழல் இருக்கிற பக்கமாக உட்கார்ந்து படித்தேன். டாக்டர் என்கிற இடத்தில் நான் சிரித்த சிரிப்பைப் பார்த்து, கூட வேலை செய்யும் மலையாளி லாட்டரி விழுந்துவிட்டதா என்று கேட்டார்.

போனுக்குக் கோபித்துக்கொள்ளாதே. கேம்ப் பூத்தில் எனக்குப் பின்னால் ஒரு பட்டாளமே நிற்கிறது. லைனிலும் ஒரே இரைச்சல். கடிதம்தான் நல்லது. நீ திட்டுவதை இரண்டு தடவை படித்துக்கொள்ளலாம்.

செட் விவரம் எழுதுகிறேன், இப்படியே போடச் சொல். ஆம்ப்ளிஃபையர் ஒரு பக்கத்துக்கு முப்பத்தைந்து வாட்ஸ். ஆயிரம் வாட்ஸ் என்றால் நம் தெருவே விரிசல் விட்டிருக்கும். நான் வாங்கியபோதே அது செகண்ட் ஹேண்ட்தான், இங்கே தோஹா பழைய மார்க்கெட்டில் வாங்கிப் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தது. வால்யூம் திருகு ஒரிஜினல் இல்லை, ரிச்சி தெருவில் வாங்கி மாட்டியது. டேப் டெக்கில் பெல்ட் மாற்றியிருக்கிறது. போன மழையில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததே, அதில் வலது ஸ்பீக்கர் பெட்டியின் அடிமரம் உப்பிவிட்டது. படத்தில் அதுவும் தெரியட்டும்.

இதற்கெல்லாம் மேலே, முதல் வரியாக இதைப் போடச் சொல்: இடது பக்கம் வேலை செய்யாது.

தாம்பரத்தில் ஏசுபாதம் கடையில் காட்டி ரிப்பேர் செய்து விற்றால் என்ன என்று உனக்குத் தோன்றும். வேண்டாம். அவர் திறந்தால் ஒன்று மாற்றி ஒன்றாக இழுத்துக்கொண்டே போகும். இருக்கிறபடியே போய்ச் சேரட்டும்.

காரில் ஏதோ கேட்டதாக எழுதியிருக்கிறாய். கிளம்புகிற பரபரப்பில் எனக்கு நினைவில்லை. என்னவென்று எழுது, பதில் சொல்கிறேன். ரூக்சாருக்கு என் முத்தம். அவளையும் ஒரு வரி எழுதச் சொல்.

நசீர்


அனகாபுத்தூர்
6.2.2006

மச்சானுக்கு,

ஸலாம். நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும். அதை மறுபடி சொன்னால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும். செட் விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் எழுதியதை அப்படியே போடச் சொன்னேன். துளசிங்கம் டைப் அடித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னாக்கா இது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டு கணக்கா கீது." அவனிடம் இருந்த கேமராவைக் கொண்டுவந்து நம் வீட்டிலேயே படம் எடுத்தோம். உப்பின மரத்தையும் எடுத்தோம். முதல் வரி, இடது பக்கம் வேலை செய்யாது. ஒருவர் மட்டும் கேள்வி அனுப்பினார்: அறவே கேட்காதா, விட்டு விட்டுக் கேட்குமா? அறவே கேட்காது என்று பதில் போட்டேன். நான் போட்டுக் கேட்டதில்லை. எந்தப் பட்டனை அழுத்தவேண்டும் என்றுகூட எனக்குத் தெரியாது, நீங்கள் தொடவிட்டால்தானே. உங்கள் வார்த்தையை நம்பித்தான் எழுதினேன்.

கேள்வி கேட்டவரே ஏலத்திலும் எடுத்தார். பெயர் லக்ஷ்மிநாராயணன், மேடவாக்கத்துக்காரர். ஏதோ பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் வாத்தியாராம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்தார். போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்றேன்.

"வேணாம்மா. நான் வாங்கறதே அந்த ரிப்பேருக்காகத்தான். கோளாறு எங்க இருக்குன்னு பசங்க தேடிக் கண்டுபிடிக்கணும். முன்னாடியே எனக்குத் தெரிஞ்சுட்டா வாய் சும்மா இருக்காது, சொல்லிடுவேன்" என்று சிரித்தார். "அந்த சைட்ல நாலு தடவை வாங்கிட்டேன், ஒண்ணுகூட போட்டிருந்த மாதிரி வந்ததில்ல. உள்ளதை உள்ளபடி எழுதினது நீங்க ஒருத்தர்தான்."

பெருமையாகத்தான் இருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது மட்டும் நான் உள்ளே போய்விட்டேன். செட் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. ரூக்சார் அங்கே தன் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்திருக்கிறாள்.

உங்களுக்கு எழுதச் சொல்லி அவளிடம் பேப்பர் கொடுத்தேன். "அத்தாக்கு என்மேல கோவம்" என்று எழுதாமல் எழுந்து போய்விட்டாள். என்ன கோபம் என்று கேட்டால் சொல்லவில்லை. லீவில் வந்து இருந்த நாட்களில் அவளை ஏதாவது சொன்னீர்களா?

பரிதா


தோஹா
17.2.2006

என் பரிதாவுக்கு,

ஸலாம். செட் போய்விட்டது என்று படித்ததும் நிம்மதி. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடற்கரைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

பசங்களுக்குப் பாடம் நடத்த எடுத்துக்கொண்டு போனார் என்பது நல்லதுதான். பிரித்துப் போட்டு, உடைத்து, எப்படியோ ஒன்று.

ரூக்சாரை நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. அவள்மேல் எனக்கு என்ன கோபம் வரும்? நான் கோபமாக இருப்பதாக அவளுக்கு ஏன் தோன்றியது என்று கேட்டுச் சொல். இந்த ஒரு வரியைப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

நீயும் கோபமாக இருக்கிறாய். உன் கடிதத்தில் எல்லா விவரமும் இருக்கிறது, நீ இல்லை. காரில் கேட்டது என்ன என்று தயவுசெய்து எழுது.

நசீர்


அனகாபுத்தூர்
2.3.2006

மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் பேச்சைக் கேட்டு ஊரெல்லாம் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை துளசிங்கம் வரச் சொல்லி ஆள் அனுப்பினான். போய்ப் பார்த்தால் ஸ்கிரீனில் என் பெயருக்கு எதிரே சிவப்பாக ஒரு குறி. "விற்பவர் கொடுத்த விவரம் தவறு" என்று லக்ஷ்மிநாராயணன் சார் புகார் கொடுத்திருக்கிறார். துளசிங்கத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்கா, ரிப்பேரான செட்ட நல்லா கீதுன்னு விக்கறவன நான் தெனம் பாக்கறேன். நல்லா கீற செட்ட ரிப்பேருன்னு வித்து மாட்டிக்கின மொத ஆளு நீதான்."

ஆமாம். செட்டில் கோளாறே இல்லையாம். இன்று சாரே அதை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை, குழம்பிப்போன மாதிரி இருந்தார்.

"ஒரு க்ளாஸ் பசங்களும் உக்காந்து தேடினாங்கம்மா. மீட்டர் வச்சு பாயின்ட் பாயின்ட்டா செக் பண்ணியாச்சு. ஃபால்ட் எங்கயுமே இல்ல. எனக்கு வேண்டியது ரிப்பேர் செட்டு. இவ்ளோ நல்லா பாடறதைப் பிரிச்சுப் போட எனக்கு மனசு வரல."

"இல்ல சார், லெஃப்ட் சைடு கேக்காது. எங்க வீட்டுக்காரர் நல்லா பாத்துட்டுத்தான் சொன்னாரு. இதுல எல்லாம் அவர் பொய் சொல்றவர் இல்ல."

சார் பொம்மைகளை ஓரமாக எடுத்து வைத்துவிட்டுப் பழைய இடத்திலேயே செட்டை வைத்து, ஒயர் மாட்டி, ஒரு கேசட் போட்டார். உங்கள் நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார். வலது காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். இடது பெட்டியிலிருந்து வயலின், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி.

"வீட்டுக்காரருக்கு எங்கம்மா வேலை?"

"கத்தார்ல சார். ஜெனரேட்டர் ரூம்ல."

"ரொம்ப நாளாவா?"

"கல்யாணத்துக்கு முன்னலேர்ந்து."

சார் கேசட்டை நிறுத்திவிட்டார். "புகாரை நான் வாபஸ் வாங்கிடறேன்மா. நீங்க அவர்கிட்டயே கேளுங்க" என்றார். எதைக் கேட்பது என்று எனக்குப் புரியவில்லை. அவர் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்து, டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு, கோபத்தோடு இவ்வளவையும் எழுதினேன்.

இது மறுநாள். காலையில் ரூக்சாருக்குத் தலை பின்னிக்கொண்டே, அத்தாவுக்கு உன்மேல் என்ன கோபம் என்று மறுபடி கேட்டேன்.

"இந்தக் கைப் பக்கம் நின்னு கூப்ட்டா பேசுவாரு. அந்தக் கைப் பக்கம் கூப்ட்டா பேசவே மாட்டாரு. எத்தினி தடவை கூப்ட்டாலும் திரும்ப மாட்டாரு" என்று இரண்டு கைகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள்.

பேசுகிற கை வலது. பேசாத கை இடது.

பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடும்போது ஒவ்வொரு நாளும் இடம் மாறி உட்கார்ந்தீர்கள். காற்று வரவில்லை என்று சொன்னீர்கள். அடுப்படியிலிருந்து நான் கூப்பிட்டால் வராமல், நேரே வந்து நின்றால் மட்டும் "என்ன?" என்றீர்கள். அதையெல்லாம் நான் அலட்சியம் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். வெளிநாட்டுக் காசு பார்த்ததும் மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

காரில் நான் உங்களுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

மச்சான், உங்களுக்கு இடது காது கேட்கவில்லையா? எவ்வளவு நாளாக? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள். நான் கோபமாக இல்லை.

பரிதா


தோஹா
13.3.2006

என் பரிதாவுக்கு,

ஆமாம்.

இந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டு, மேலே எழுதத் தெரியாமல் பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். இன்றுதான் மறுபடி எடுத்தேன்.

எப்போது ஆரம்பித்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஜெனரேட்டர் ரூமில் எல்லாருமே செவிடர்கள்தான், கை ஜாடைதான் பேச்சு. அதனால் தெரியவில்லை. இந்த லீவில், நீயும் ரூக்சாரும் கடைக்குப் போயிருந்தபோது, ஆசையாகச் செட்டைப் போட்டு உட்கார்ந்தேன். இடது பக்கம் அமுங்கிக் கிடந்தது. வெள்ளத்தில் ஏதோ போய்விட்டது என்று நினைத்து, ஒயரை இடது வலதாக மாற்றிப் போட்டேன். அப்போதும் இடதுதான் செத்திருந்தது. பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தேன். அப்போதும் இடது. எனக்குள் ஏதோ ஒன்று சொல்லிவிட்டது. ஆனாலும் நம்பாமல், கடைசியாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவ்வளவு நேரம் பாடிக்கொண்டிருந்த பெட்டி ஊமையாகிவிட்டது. ஊமையாக இருந்த பெட்டி பாட ஆரம்பித்துவிட்டது.

நீங்கள் திரும்பி வந்தபோது நான் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டாய். லெஃப்ட் சைடு அவுட்டு என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை பரிதா, வாயில் வந்தது அதுதான். அப்புறம் விவரம் கேட்டு நீ எழுதியபோது மாற்ற முடியவில்லை. மற்றதையெல்லாம் ஒன்றுவிடாமல் உண்மையாக எழுதினேன்.

உன்னிடம் சொன்னால் என்னைத் திரும்ப வரச் சொல்வாய். வந்தால் வீடு எப்படி நடக்கும்? கம்பெனியில் வருஷா வருஷம் காது டெஸ்ட் உண்டு. கண்ணாடி ரூமில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொல்வார்கள். போன தடவை டெஸ்ட் எடுப்பவருடைய தோளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டனை அழுத்தும்போது அவர் தோள் லேசாக அசையும். அசைந்தபோதெல்லாம் கையைத் தூக்கிப் பாஸாகிவிட்டேன். ஏப்ரலில் மறுபடி டெஸ்ட். ஃபெயில் ஆனால் விசா கேன்சல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வலது காதும் முன்னைப் போல இல்லை. போனில் உன் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி வருகிறது. புரியாமல் 'உம்' போடப் பயம். நீ எதற்கு என்னிடம் சம்மதம் கேட்டாய் என்று தெரியாமல் போய்விடுமே. அதனால்தான் வைத்துவிடுவேன். ரூக்சார் பாடியது எனக்குத் தெரியாது. இரைச்சல் என்று நினைத்தேன்.

காரில் நீ பேசியதே எனக்குத் தெரியாது. நான் ஜன்னல் வழியாகப் பல்லாவரம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன சொன்னாய்?

நசீர்


அனகாபுத்தூர்
24.3.2006

என் மச்சானுக்கு,

கடிதத்தை வாங்கிக்கொண்டு போய், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து படித்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்ட இடத்தில் நிறுத்திவிட்டேன். மேலே படிக்க முடியவில்லை. நான் கடையில் தக்காளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் தனியாக அப்படி உட்கார்ந்திருந்தீர்களா?

காரில் சொன்னதைச் சொல்கிறேன். "போவாதீங்க மச்சான். இப்பவே வண்டியத் திருப்பச் சொல்லிடலாம். இருக்கறத வச்சு இங்கயே பாத்துக்கலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க." இதைச் சொல்ல எனக்கு நம் தெருவிலிருந்து பல்லாவரம் வரைக்கும் தைரியம் சேர்க்கவேண்டியிருந்தது. சொன்னேன். நீங்கள் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்துத்தான் உங்களுக்கு அப்படிக் காய்ந்த கடிதங்களாக எழுதினேன். மன்னித்துவிடுங்கள் என்று எழுதமாட்டேன். எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

இப்போது என் முறை. நானும் உங்களிடம் ஒன்று சொல்லவில்லை. ஜனவரி கடைசியிலிருந்து வேலைக்குப் போகிறேன். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், தைத்து வருகிற சட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. ஸ்கூல் விட்டதும் ரூக்சாரை எதிர் வீட்டுப் பொன்னியம்மாள் அக்கா கூட்டிவந்து வைத்துக்கொள்கிறார். உங்கள்மேல் இருந்த கோபத்தில்தான் சேர்ந்தேன். கூப்பிட்டும் வராத மனுஷனுடைய காசை இனி எதிர்பார்க்கக் கூடாது என்று. மாசம் முடிந்து சம்பளக் கவர் வாங்கியபோதும் கோபம் போகவில்லை. இப்போது அதே கவரைப் பார்க்கும்போது, நல்லவேளை கோபப்பட்டேன் என்று தோன்றுகிறது. பெரிய சம்பளம் இல்லை. ஆனால் நீங்கள் வந்தால் மூன்று பேரும் சாப்பிடலாம், வாடகை கொடுக்கலாம்.

அதனால் இந்தத் தடவை டெஸ்டில் யார் தோளையும் பார்க்காதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். கேட்டால் கையைத் தூக்குங்கள். கேட்கவில்லை என்றால் தூக்காதீர்கள்.

ரூக்சாரிடம் சொல்லிவிட்டேன். கோபம் இல்லை, காதுதான் என்று. "மொதல்லயே சொல்லியிருந்தா நான் இந்தப் பக்கமே நின்னிருப்பேனே" என்றாள். அவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது. 'சாப்பாடு' என்பதைத் 'தாப்பாடு' என்கிறாள். இன்னும் கொஞ்ச நாளில் பல் முளைத்துவிடும். அப்புறம் அந்தப் பேச்சை எங்கே போய்க் கேட்பீர்கள்? வலது காது மிச்சம் இருக்கும்போதே வாருங்கள்.

லக்ஷ்மிநாராயணன் சார் போன் செய்தார். உங்கள் ஏசுபாதத்திடமே நிஜமான ரிப்பேர் செட் ஒன்று கிடைத்துவிட்டதாம். நம் செட் அதன் இடத்திலேயே இருக்கிறது. இனி யாருக்கும் இல்லை.

உங்கள் பரிதா


தோஹா
9.4.2006

என் பரிதாவுக்கு,

கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

நீண்ட நேரம் ஒரு சத்தமும் இல்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டெஸ்ட் எடுப்பவர் வந்து தோளைத் தொட்டபோதுதான், இடது காதுக்கான டெஸ்ட் முடிந்தே போய்விட்டது என்று தெரிந்தது. வலது காதுக்குப் பாதிக்கு மேல் கையைத் தூக்கினேன். டாக்டர் ஒரு பேப்பரில் கோடு போட்டுக் காட்டினார். இடது திரும்ப வராது. வலதை இந்தச் சத்தத்திலிருந்து வெளியே கொண்டுபோனால் இப்படியே வைத்துக்கொள்ளலாம். அங்கே போனதும் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டி, காதுக்கு மெஷின் வைக்கலாமா என்று கேட்கச் சொன்னார்.

கம்பெனியில் கணக்கு முடித்து டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். மே மூன்றாம் தேதி, புதன்கிழமை காலை மெட்ராஸ்.

நீ வேலைக்குப் போவதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. மறைக்கவில்லை. என்னைக் கேட்காமல் எப்படி என்று மலையாளியிடம் கத்தினேன். அவர் எழுந்து என் வலது பக்கமாக வந்து உட்கார்ந்து, "நீ உன் காதைப் பற்றி அவளைக் கேட்டுவிட்டா மறைத்தாய்?" என்றார். அப்புறம் இரண்டு பேரும் டீ குடித்தோம். அன்றிலிருந்து மெஸ்ஸில் அவர் எனக்கு வலது பக்கம்தான் உட்காருகிறார். நான் சொல்லவே இல்லை.

வந்து என்ன வேலை செய்வேன் என்று இன்னும் தெரியவில்லை. இந்த வயதில் காதைச் சொல்லித்தான் வேலை கேட்கவேண்டும். ஜூனில் ஸ்கூல் திறந்ததும் ரூக்சாரைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருகிற வேலையை முதலில் எனக்குக் கொடு. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

நான் வருகிற அன்று நீ லீவு போடாதே. புதிதாகச் சேர்ந்திருக்கிறாய், முகம் சுளிப்பார்கள். ஏர்போர்ட்டிலிருந்து நானே ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். சாவியைப் பொன்னியம்மாள் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போ. சாயங்காலம் நீ வரும்போது நான் சோறு வடித்து வைத்திருப்பேன்.

நசீர்


அனகாபுத்தூர்
20.4.2006

என் மச்சானுக்கு,

வேலைக்கு நடுவே எழுந்து வந்து அவசரமாக எழுதுகிறேன், நீங்கள் கிளம்புவதற்குள் இது உங்கள் கையில் கிடைத்துவிட வேண்டும்.

புதன்கிழமைக்கு லீவு கேட்டுவிட்டேன். எங்கள் லைனைப் பார்த்துக்கொள்கிற அக்கா முகம் சுளிக்கத்தான் செய்தார்.

"இன்னா விஷயம்? இப்பத்தான் சேந்த, அதுக்குள்ள லீவா?"

"வீட்டுக்காரர் கத்தார்லேர்ந்து வர்றாருக்கா."

உடனே குரல் மாறிவிட்டது. இங்கே பாதிப் பேருக்கு வீட்டுக்காரர் எங்கேயோதான் இருக்கிறார். "அட, அத்த சொல்லக் கூடாதா? எத்தினி நாளு லீவுல வர்றாரு?"

நீங்கள் வரும்போதெல்லாம் எல்லாரும் கேட்கிற கேள்விதான். வழக்கமாக நாற்பது நாள், அறுபது நாள் என்று சொல்லி, மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

"லீவு இல்லக்கா. வந்துடறாரு" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். பக்கத்தில் இருந்த இரண்டு மூன்று பேர் தையலை நிறுத்திவிட்டார்கள். வாயைத் திறந்து சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது மச்சான். கையிலிருந்த சட்டையைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

"வியாழக்கிழமையும் எடுத்துக்க" என்றார் அக்கா.

சாவியை யாரிடமும் கொடுக்கப்போவதில்லை. நானும் ரூக்சாரும் ஏர்போர்ட்டுக்கு வருகிறோம்.

பரிதா